ஒரு கிலோ தாரும் ஒரு கூடை ஜல்லியும்

ஆவடி

ஸ்டேஷனுக்கு வெளியே சித்தப்பா மகன் பைக்கோடு நின்றிருந்தான். வீடு வீடாகப் பார்சல் கொண்டு கொடுக்கிற வேலை அவனுக்கு. வெள்ளானூரில் குடியிருக்கிறான். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் இந்தப் பக்கத்து ரோடுகளில் ஓட்டுகிறவன். "ரோட்டைப் பாக்கவா அண்ணே மன்னார்குடியிலேருந்து வந்தீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. அக்காவுக்கு நடந்தது அவனுக்கும் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்பு எங்கள் பக்கத்தில் புதிதாகத் தார் போட்ட ஒரு ரோட்டில் அத்தானும் அக்காவும் பைக்கில் வந்துகொண்டிருந்தார்கள். வேகம் ஒன்றும் பெரிதில்லை. வாய்க்கால் பாலம் தாண்டி ஒரு வளைவு. தாரில் ஒட்டாத பொடி ஜல்லி அங்கே ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கின அத்தான் பிரேக் பிடித்தார், முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அத்தானுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அக்காவுக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றுவரை அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. காலையில் அவள் மகள்தான் தலை பின்னி விடுகிறாள். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கிறது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் டீயும் மசால் வடையும். எங்கள் ஊர் டீயைவிட இங்கே டிகாஷன் கெட்டி. ஆவடி என்றால் எங்கள் தாத்தாவுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு, அப்பாவுக்கு டாங்கி தொழிற்சாலை. எனக்கு இப்போது கண்ணில் பட்டது பைக்குகள்தான். யூனிஃபார்ம் போட்ட காவலர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பின்னால் குழந்தையை உட்காரவைத்த அம்மாக்கள், எல்லாரும் இரண்டு சக்கரத்தில். 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கும் மேலே இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இந்தக் கணக்கைப் படித்தபோது மூச்சு நின்ற மாதிரி இருந்தது. இத்தனைக்கும் அக்கா மாதிரி விழுந்து எழுந்து, எங்கேயும் எழுதிக்கொள்ளப்படாமல் வீட்டுக்குப் போனவர்கள் இதில் வரமாட்டார்கள்.

கோவில்பதாகை

ஆவடியை விட்டு வடக்கே திரும்பினால் கோவில்பதாகை. ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. மாசி கடைசியிலும் அதில் கொஞ்சம் ஈரம் இருந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்: ஆறு, வாய்க்கால், மதகு. இந்தப் பக்கத்தில் தண்ணீர் ஓரிடத்தில் நின்று, நிரம்பிய பிறகுதான் அடுத்த ஏரிக்குப் போகும். இரண்டு ஊரிலும் ரோட்டுக்குப் பகை ஒன்றுதான். தாருக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் ஒட்டு விட்டுப்போகிறது. முதலில் மயிரிழை வெடிப்பு. அதில் மழை இறங்கும், மேலே லாரி ஏறும்போது அந்த நீர் உள்ளேயே அமுங்கிக் கல்லைப் பெயர்க்கும். கார்த்திகையில் வெடிப்பாக இருந்தது தையில் பள்ளமாகியிருக்கும்.

தம்பி ஒரு சந்தில் வண்டியை நிறுத்தி ஒரு வீட்டைக் காட்டினான். பழைய ஓட்டு வீடு. வாசலுக்குப் போக ரோட்டிலிருந்து மூன்று படி கீழே இறங்க வேண்டும். "கட்டுனப்ப மூணு படி ஏறிப் போன வீடுண்ணே" என்றான். வாசலில் நின்றிருந்த பாட்டி தலையை ஆட்டினார். "ரோடு ஏறிக்கினே போச்சுப்பா. வூடு அப்பிடியே நிக்குது. மழ வந்தா தண்ணி உள்ள வந்துடுது." பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டே போனதில் சென்னையைச் சுற்றி எத்தனையோ தெருக்களுக்கு இந்தக் கதி. அதனால்தான் 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுசு போட வேண்டும், ரோட்டின் உயரம் கூடக்கூடாது என்று உத்தரவிட்டார்.

ஒவ்வொரு முறையும் கனமாகப் போட்டுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், இல்லை. அடித்தளம் நன்றாக இருந்து மேல்தோல் மட்டும் வறண்டு, வெடிப்பு விட ஆரம்பித்திருக்கிற ரோட்டுக்கு மெல்லிய பூச்சு ஒன்றே போதும். மைக்ரோ சர்ஃபேசிங் என்கிற முறையில் போடுகிற கனம் 4-லிருந்து 8 மில்லிமீட்டர்தான். பாலிமர் கலந்த தார்க் குழம்பு, பொடிக்கல், கொஞ்சம் சிமெண்ட், தண்ணீர் எல்லாவற்றையும் சூடு இல்லாமல் வண்டியிலேயே கலந்து இழுத்துக்கொண்டு போவார்கள். போடும்போது காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது தண்ணீர் பிரிந்து கருப்பாகும். ஒரு முறை நெடுஞ்சாலையில் பஸ் நின்றபோது இதைப் பார்த்திருக்கிறேன். பாலில் டிகாஷன் இறங்குவது போல ஓரத்திலிருந்து நடுவுக்குக் கருமை பரவியது. இரண்டு மணி நேரத்தில் வண்டிகளை விட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டியின் வாசலுக்கு அது ஒரு படியைக்கூட விழுங்காது.

வெள்ளானூர்

கல்லூரிகளையும் ஹாஸ்டல்களையும் தாண்டியதும் ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிறது. காலி மனைகள், நடுகல் மாதிரி வரிசையாக நிற்கிற பிளாட் கற்கள், நடுநடுவே இன்னும் விடாமல் நிற்கிற பனைகள். மன்னார்குடியில் இந்த மாசத்தில் அறுவடை முடிந்து வைக்கோல் வாசனை அடிக்கும். இங்கே அடித்தது தார் வாசனை. என் அதிர்ஷ்டம், தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாளே 20 மில்லிமீட்டருக்குப் பிரீமிக்ஸ் என்கிற தார்க்கலவை போட்டு உருட்டியாகிவிட்டது. இன்று மேல்பூச்சு. இங்கிலீஷில் சீல் கோட் என்கிறதை வேலைக்காரர்கள் 'சீல்கோட்டு' என்று ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். மேஸ்திரி விழுப்புரம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். புருவத்தில்கூடத் தார்ப்புள்ளி. நான் நின்று பார்ப்பதைக் கண்டு முதலில் முறைத்தார். ஊரில் எங்கள் அக்கா விழுந்ததைச் சொன்னதும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"பிரீமிக்ஸ் போட்டதோட ரோடு முடிஞ்சிடாது சார். அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்ட ஆயிரம் இருக்கும். இத ஊத்தி மூடினாத்தான் மழ உள்ள போவாது."

பாய்லரில் தார் 150 டிகிரிக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது. கால் முழுக்கச் சாக்குச் சுற்றிய ஒருவர் குழாயைப் பிடித்து விசிறிபோலத் தெளித்துக்கொண்டே பின்னால் நடந்தார். பூவாளியில் நாற்றுக்கு நீர் தெளிப்பது மாதிரி, ஆனால் ஓரிடத்தில்கூட நிற்காமல். நின்றால் அங்கே குட்டை கட்டிவிடும். 10 சதுர மீட்டருக்கு 9.8 கிலோ தார் என்பது நெடுஞ்சாலைத் துறைகள் வைத்திருக்கிற அளவு. ஆக, நான் நிற்கிற ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அதற்கு மேலே 9 லிட்டர் அளவு பொடி ஜல்லி. ஒரு கிலோ தாரும் ஒரு கூடை ஜல்லியும்தான் அந்த இடத்தில் ஒருவர் விழுவதா, வீடு போய்ச் சேர்வதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

தெளித்த தாரின் மேல் பெண்கள் உடனே ஜல்லி வீசினார்கள். கொட்டவில்லை, வீசினார்கள். பாண்டுச் சட்டியை இடுப்பில் இடுக்கி, உடம்பை அரை வட்டம் திருப்பி ஒரு சுழற்று. சிப்ஸ் ஜல்லி சரசரவென்று விசிறியாக விரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விழுகிறது. நெல் தூற்றுகிற கை இப்படித்தான் திரும்பும். எங்கள் ஊரில் அதைச் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், இந்தத் தார்ப் புகையில் அந்தக் கைவாகைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

அவர்களில் மூத்த அக்கா ஒருவர் இரண்டு கையிலும் கொஞ்சம் ஜல்லி அள்ளி என் முன்னால் நீட்டினார். வலது கையில் இருந்தது கருநீலமாய், முனை கூராக, அலம்பி விட்டது மாதிரி. இடது கையில் இருந்ததும் அதே கல்தான், மேலே மாவு பூசினாற்போல் சாம்பல்.

"இது ஒட்டும். இது ஒட்டாது. தூசி இருந்தா தாரு தூசியத்தான் புடிக்கும், கல்லப் புடிக்காது."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் அக்கா விழுந்த வளைவில் அன்று நான் குனிந்து எடுத்துப் பார்த்த ஜல்லி ஞாபகம் வந்தது. விரலில் வெள்ளையாக மாவு ஒட்டிக்கொண்டது.

கல்லிலும் ஜாதி உண்டு. பல்லாவரத்துப் பக்கம் உடைத்த கருங்கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக்கின் கல்லறை அந்த இனத்துக் கல்லால் ஆனது என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் வைத்த பெயர் அது. உறுதியான கல். ஆனால் இந்த மாதிரி சிலிக்கா மிகுந்த கற்களுக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல் பிரியம் அதிகம், ஈரம் பட்டால் தாரைத் தள்ளிவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைக் கொண்டு கண்டுபிடித்த வழி இந்த இடத்தில்தான் உதவுகிறது. சூடான ஜல்லியின் மேல் பொடியாக வெட்டிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லுக்குச் சட்டை மாதிரி படிகிறது, சட்டைக்கு மேல் தார் கெட்டியாக ஒட்டுகிறது. 2002-ல் சென்னையின் ஜம்புலிங்கம் தெருவில் அப்படிப் போட்டார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ரோலர் போய்வந்தது. நான் கேட்க வந்ததை அப்போதுதான் கேட்டேன்: வண்டி எப்போது விடலாம்?

மேஸ்திரி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நாளைக்குத்தான் விடணும். ஆனா யாரு சார் நிக்கறாங்க? டிரம்மு வச்சா டிரம்ம நகர்த்திட்டுப் போறாங்க. இன்னிக்கு வேகமாப் போற ஒவ்வொரு டயரும் நாலு கல்லப் பேத்துக்கினு போவுது. மெதுவாப் போனா அதே டயரு கல்ல உள்ள அமுக்கும்."

தார் தெளித்து ஜல்லி பரப்புகிற வேலைக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிநூல் சொல்வதும் இதுவே. மறுநாள் வரை வண்டி விடக்கூடாது, விட்டே தீர வேண்டுமென்றால் மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாமல் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். 16 கிலோமீட்டர் என்றால் சைக்கிள் வேகம். இங்கிலாந்தில் இப்படிப் பூசிய ரோட்டில் மணிக்கு 20 மைல் என்று பலகை வைத்து, சில நாள் கழித்து இயந்திரத் துடைப்பத்தால் மிச்ச ஜல்லியை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். விதி நம்மிடமும் இருக்கிறது. பலகையும் துடைப்பமும் அந்த இரண்டு மூன்று நாளைக்கு நிற்க ஓர் ஆளும்தான் பல இடங்களில் இல்லை. ரோட்டுக்கு ஆகிற செலவில் இது பொட்டு அளவுகூட வராது. எனக்கு ஆறாத மனக்குறை இதுதான்.

கொள்ளுமேடு

வெயில் ஏறிவிட்டது. கொள்ளுமேட்டுப் பக்கம் புளியமரத்தடியில் ஒரு கூழ் வண்டி. பித்தளைச் சொம்பில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், வறுத்த கருவாடு. எங்கள் ஊரில் காலையில் நீராகாரம்தான், சோறு ஊறின தண்ணீர். கூழ் அதைவிடக் கனம். ஒரு சொம்பு குடித்துவிட்டுப் பிற்பகல் வரை பசிக்காமல் சுற்றினேன். கூழ்க்கார அம்மா நான் டெல்டாக்காரன் என்றதும் இன்னொரு கரண்டி ஊற்றினார். "நெல்லு வெளயற ஊருலருந்து வந்து கூழு குடிக்கிறியே ராஜா" என்றார்.

அவர் வண்டிக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் ரோடு மினுமினுவென்று இருந்தது. தண்ணீர் கொட்டியிருக்கிறதென்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். தார். செருப்பு ஒட்டியது. தார் அளவுக்கு மிஞ்சிப்போனாலோ கல் உள்ளே அமுங்கிவிட்டாலோ வெயிலில் இளகி மேலே வந்துவிடும், தார் கக்குகிறது என்பார்கள். ஒட்டாத ஜல்லியால் வருகிற ஆபத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்து ஆபத்து இது. அங்கே கல் உருண்டு தள்ளுகிறது, இங்கே பிடித்துக்கொள்ளக் கல்லே இல்லை. வெயிலில் ஒன்றும் தெரியாது. மழை நாளில் எண்ணெய்ச் சட்டியில் கால் வைத்த மாதிரி.

தம்பியிடம் கேட்டேன், உனக்கு எந்த நாள் பயம் என்று. யோசிக்காமல் சொன்னான். "மொத மழ அண்ணே. பெருமழகூட இல்ல. ரொம்ப நாள் கழிச்சு வர்ற தூறல்." ஆறு மாதத்துப் புழுதியும் வண்டி எண்ணெயும் முதல் தூறலில் குழைந்து வழவழப்பாகும், பெருமழை வந்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். அவன் சொன்னது சரி. புதிதாகப் போட்ட தார் ரோட்டுக்கும் ஒரு குணம் உண்டு. முதல் சில வாரம் கல்லின் மேலே தார்ப் படலம் இருக்கும், அது தேய்ந்து கல்லின் சொரசொரப்பு வெளியே தெரிகிற வரைக்கும் ஈரத்தில் பிடிப்புக் குறைவு. பார்க்கப் பளபளவென்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிற ரோட்டை நம்பித்தான் பிள்ளைகள் முறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

பைக் டயர் தரையைத் தொடுகிற இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அந்த இரண்டு உள்ளங்கையில்தான் குடும்பமே உட்கார்ந்து போகிறது. ஜல்லி கிடக்கிற இடத்துக்கு வந்தால் தம்பி என்ன செய்கிறான் என்று பின்னால் உட்கார்ந்து கவனித்தேன். வளைவுக்கு நன்றாக முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுகிறான். ஜல்லி மேல் ஏறியதும் பிரேக்கைத் தொடுவதில்லை, சாய்வதில்லை, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு நிமிர்ந்தபடியே உருட்டிக்கொண்டு கடக்கிறான். யார் கற்றுக்கொடுத்தது என்றேன். "ரெண்டு தடவ விழுந்தேன்" என்றான். சித்தியிடம் சொல்லவில்லையாம்.

செங்குன்றம்

பம்மதுகுளம் தாண்டினால் லாரிகள் கூடிக்கொண்டே போகின்றன. செங்குன்றத்தில் அரிசி மில்லும் மண்டியும் வரிசையாக. எங்கள் பக்கத்து நெல்லும் இங்கே வந்து அரிசியாகும் என்று ஒரு சுமைக்காரர் சொன்னபோது மூட்டையில் ஏதாவது ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. மண் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. எங்கள் களிமண்ணுக்கு இது நேர் எதிர். எங்கள் ஊர் மண் மழைக்கு ஊதி, கோடையில் வெடித்து, மேலே போட்ட ரோட்டையும் சேர்த்து முறிக்கும். இந்தச் செம்மண் அழுத்தினால் படிந்து கிடக்கிறது. இவ்வளவு நல்ல தரை அமைந்தும் மேல்தோல் சரியில்லையென்றால் மனசு பொறுக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஏறுகிற ஒரு வளைவில் சின்னப் பஞ்சர் கடை. கடைக்காரர் பெரியவர், கால் கொஞ்சம் சாய்த்து நடக்கிறார். கடை வாசலில் காலி பெயிண்ட் பக்கெட் இரண்டு, பக்கத்தில் கட்டையான தென்னந்துடைப்பம். பக்கெட் நிறையப் பொடி ஜல்லி. விற்கவா என்றேன்.

"இல்லப்பா. ரோட்லருந்து கூட்டினது."

லாரிகள் சிந்துகிறதும் ரோட்டில் பெயர்கிறதுமாக அந்த வளைவில் ஜல்லி சேர்ந்துகொண்டே இருக்கிறது. தினமும் சாயங்காலம், பிள்ளைகள் காலேஜ் விட்டு வருவதற்கு முன்னால் இவர் போய்க் கூட்டி அள்ளிவிடுகிறார். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. எதிரே மின்கம்பத்தைப் பார்த்தார். "அந்தக் கம்பத்தாண்ட ஒரு பையன் விழுந்தான். நான்தான் தூக்கினேன்." அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துடைப்பத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் நான் கூட்டினேன். தம்பி ரோட்டு நடுவில் நின்று கையைக் காட்டி வண்டிகளை ஒதுக்கினான். சிப்ஸ் ஜல்லி துடைப்பத்துக்குச் சுலபத்தில் அடங்காது, பாதரசம் மாதிரி ஓடும். முக்கால் பக்கெட் சேர்ந்தது. பெரியவர் எங்களுக்கு டீ சொன்னார், பொறை ஒன்றை உடைத்து இரண்டாக்கிக் கொடுத்தார். அள்ளின ஜல்லியை என்ன செய்வீர்கள் என்றேன். மழைக்காலத்தில் பக்கத்துச் சந்தில் சேறாகிற இடத்துக்குக் கொட்டுவாராம்.

திரும்பவும் வெள்ளானூர்

வெள்ளானூருக்குத் திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். காலையில் சீல்கோட்டு போட்ட தெருமுனையில் இரண்டு டிரம், நடுவே வெட்டிப்போட்ட கருவேல முள். ரோலர் ஓரமாக நின்றிருந்தது, மேஸ்திரியைக் காணோம். ஜல்லி வீசின அந்த அக்கா மட்டும் டிரம் பக்கத்தில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் சுற்றின சாக்கை அவிழ்த்துவிட்டுத் தேங்காயெண்ணெயால் தார்க்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுமார் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பைக்கில் வந்தான். பின்னால் அவன் தங்கையாக இருக்க வேண்டும், பள்ளிக்கூடப் பையோடு. டிரம்முக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் வண்டியை நுழைக்கப் பார்த்தான்.

அக்கா எழுந்து எண்ணெய்க் கையை நீட்டி மறித்தார். "கண்ணு, இன்னும் புடிக்கல. எறங்கித் தள்ளிக்கினு போ."

பையன் ஒரு நிமிஷம் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். தங்கை இறங்கி, பையை முதுகில் போட்டுக்கொண்டு, ஓரமாக மண்ணில் நடக்க ஆரம்பித்தாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான். தம்பியும் எஞ்சினை அணைத்தான்.